கடப்படியில் நிற்பவர் யார்?



கள்வர் இரு வகையினர். நாம் உறங்கும் வேளை பார்த்து ஓட்டைப் பிரித்தும், யன்னற் கம்பியை வளைத்தும் வருபவர் ஒரு வகையினர். அவரைப் பற்றிய அச்சம் நமக்கு உண்டு. ஆகவே பூட்டும் தாழ்ப்பாளும் மதிலும் நம்மிடம் உண்டு. மற்றவர் பட்டப்பகலில், நாம் விழித்திருக்கும்போதே, கடப்படியில் நின்று சலாம் சொல்லி, நாமே கதவைத் திறந்துவிட உள்ளே வருபவர். அவருக்குச் சாவி தேவையில்லை. நம்முடைய இரக்கமும் மரியாதையும் அவருக்குச் சாவியாகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியாகும்.

நான் பணிபுரியும் கல்முனைப் பகுதியின் அமைப்பை முதலிற் சொல்லிவிடுகிறேன். மற்றைய ஊர்களில் இருந்து கேட்போர் தத்தம் ஊருக்குப் பொருத்திக்கொள்வார்களாக. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலும் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையில் உள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருந்தெருவிலிருந்து இறங்கினால் ஒழுங்கைகள்; ஒழுங்கையிலிருந்து பிரியும் குறுக்கு ஒழுங்கைகள். வந்தவன் மோட்டார் சைக்கிளில் ஏறினால் சில நிமிடங்களில் பெருந்தெருவை அடைந்து, அரை மணி நேரத்தில் வேறோர் ஊரின் சனத்திரளில் கலந்துவிடலாம்.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பது எங்கள் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். எனவே தாயின் வளவைப் பங்கிட்டு, மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் பெரும்பாலும் ராத்தா, தங்கை, சாச்சி, பெரியம்மா ஆகியோரின் வீடுகளாகவே இருக்கும். அந்த வளவுகளுக்கு இடையே முன்னாளில் இருந்தது கிடுகு வேலி. வேலியின் நடுவே ஒரு சிறு கடப்பு விட்டிருப்பார்கள். பெண்கள் தெருவுக்கு இறங்காமலே ஒரு வளவிலிருந்து மற்றொரு வளவுக்குப் போய்வர அது உதவியது. இங்கே ஒருவர் இருமினால் அங்கே கேட்கும். அன்னியர் ஒருவர் வாசலில் நின்றால், கேட்காமலே மூன்று வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

இன்று கிடுகு வேலி போய் ஆறடி, ஏழடி மதில்கள் வந்துவிட்டன. மதில் நல்லதுதான், இராக்கள்ளனுக்கு அது தடை. ஆனால் பகற்கள்ளன் கடப்படியைத் தாண்டி உள்ளே காலடி வைத்த பிறகு, அதே மதில் அவனுக்கு மறைப்பாகிவிடுகிறது. உள்ளே நடப்பது தங்கை வீட்டுக்குத் தெரியாது. கூப்பிட்டாலும் கேட்பதில்லை, அந்த வீட்டிலே தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கும்.

பகல் வேளையில் ஆண்கள் வயலிலும் கடையிலும் கடலிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். பலர் கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நிலைமை இன்னும் தெளிவு. பன்னிரண்டு மணி தொடக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி வரை ஊரின் ஆண்கள் அனைவரும் ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசலில் இருப்பார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க ஒருவன் பெரிய அறிவாளியாக இருக்கவேண்டியதில்லை. நோன்பு மாதத்து இரவுகளில் பெண்களும் தறாவீஹ் தொழச் சென்றுவிடுவதால் வீட்டிலே ஒரு மூத்தம்மாவும் ஒரு கைக்குழந்தையும் மட்டுமே இருப்பதுண்டு. நம்முடைய நேர அட்டவணை ஊருக்கே தெரிந்தது. ஊருக்குத் தெரிந்தது ஊருக்கு வெளியே உள்ளவனுக்கும் தெரியும்.

இனி, வாசலுக்கு வருபவர்களைப் பார்ப்போம். எங்கள் வாசல்கள் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. மருதமுனைச் சாரன் மூட்டையைச் சுமந்து வருபவர், பாய் விற்பவர், சைக்கிளில் மீன் கொண்டுவருபவர், றபான் தட்டிப் பாடிக்கொண்டு வரும் பாவாமார் எனப் பலரும் வந்துபோனார்கள். அவர்கள் அன்னியராயினும் அறியப்பட்டவர்கள். ஆண்டுக்கொரு முறை வரும் பாவாவுக்குக்கூட அவருடைய முகமே அடையாள அட்டை. வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பதும், வெயிலில் நிற்பவரைத் தலைவாசலில் இருக்கச் சொல்வதும் எங்கள் பெண்களுக்குப் பிறவியோடு வந்த குணம்.

இந்தப் பழைய குணத்தோடு புதிய பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பட்ட பாட்டை இங்கே விரித்துரைக்க மனம் வரவில்லை. அதன் பின்னர் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காக, கையிலே கோப்பும் பேனையுமாக யார் யாரோ வந்தார்கள். அரசாங்கத்தார் வந்தார்கள், உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனத்தார் வந்தார்கள், வெறுமனே படம் பிடிக்கவும் வந்தார்கள். வந்தவர் எல்லாருக்கும் குடும்ப விபரம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றைச் சொன்னோம். சொல்லாவிட்டால் நிவாரணம் தவறிவிடும் என்ற பயம் இருந்தது; அந்தப் பயம் நியாயமானதும் கூட. ஆனால் கோப்பைக் கண்டவுடன் வாய் திறக்கும் பழக்கம் அன்று வந்தது, இன்னும் போகவில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசுமத் திட்டத்துக்கு விபரம் திரட்ட வந்தார்கள்; 2024இல் குடிசன மதிப்பீட்டுக்கு வந்தார்கள்; டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைப் பார்க்கச் சுகாதாரத் திணைக்களத்தார் வருகிறார்கள். இவை அனைத்தும் உண்மையான, அவசியமான பணிகள். ஆயினும் உண்மையான நாணயம் புழங்கும் இடத்திலேதான் கள்ள நாணயமும் செல்லுபடியாகும். கிணற்றடியில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனச் சொல்லி ஒருவன் வீட்டுக்காரியைப் பின்பக்கம் அழைத்துச் சென்றால், முன்பக்கம் மற்றவனுக்குத் திறந்து கிடக்கிறது.

இதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை. கண்ணையும் காதையும் ஓரிடத்திலே கட்டிவைத்துவிட்டு, கையை வேறிடத்திலே நீட்டுவது. பெரும்பாலும் இருவர் வருவார்கள். ஒருவர் மாத்திரமே நம் கண்ணுக்குத் தெரிவார். சென்னை நகரத்திலே வங்கியிலிருந்து பணத்தோடு வெளியே வருபவரின் முன்னால் சில பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டு, “ஐயா, உங்கள் பணம் விழுந்துவிட்டது” என்பார்கள். அவர் குனிவார், பை போய்விடும். பத்து ரூபாய்க்குக் குனிந்து பல இலட்சத்தை இழந்த செய்திகளைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நெடுங்காலமாகப் படித்து வருகிறோம்.

நகைக்கு மெருகேற்றுவதாகச் சொல்லி வருபவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்; பொன் விற்கும் விலையில் அது அவசியம். 2025ஆம் ஆண்டில் ஒரு பவுணின் விலை 2 இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டதை அறிவீர்கள். நல்ல சட்டை அணிந்த இருவர் வருகிறார்கள். பித்தளைப் பாத்திரம் துலக்கும் தூள் ஒன்றை விளம்பரம் செய்ய வந்திருப்பதாகச் சொல்வார்கள். விலை கேட்கமாட்டார்கள். வீட்டிலுள்ள குத்துவிளக்கையோ செம்பையோ வாங்கித் துலக்கிப் பளபளக்கச் செய்து காட்டுவார்கள். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் புதிதுபோல் மின்னும். இரு முறை உண்மையைக் கண்ட கண் மூன்றாம் முறையும் நம்புகிறது. “ராத்தா, கையிலே இருக்கிற காப்பையும் தாங்களேன், ஒரு நிமிடம்” என்பார்கள். காப்பு ஒரு திரவத்திலே முங்கி எழுகிறது. மின்னத்தான் செய்கிறது, ஆனால் எடை குறைந்துவிட்டது.

எவ்வாறு என்று எங்கள் இரசாயன ஆசிரியரைக் கேட்டேன். நானோ கலைப் பட்டதாரி. ஐதரோகுளோரிக்கமிலம் மூன்று பங்கும் நைத்திரிக்கமிலம் ஒரு பங்கும் சேர்ந்தால் உண்டாகும் கலவைக்கு இராச திராவகம் என்று பெயராம். தனித்தனியே இவ்விரண்டும் பொன்னைக் கரைப்பதில்லை, சேர்ந்தால் கரைக்கும். கரைந்த பொன் அழிந்துவிடுவதில்லை. அத்திராவகத்திலேயே இருக்கிறது, பின்னர் அதைப் பிரித்து எடுக்கலாம். ஆகவே வந்தவர் தம்முடைய அழுக்குத் தண்ணீரை மிகவும் பத்திரமாக எடுத்துச் செல்வதன் காரணம் விளங்குகிறதல்லவா? வேறு சிலருக்கு இவ்வளவு இரசாயனமும் தேவைப்படுவதில்லை. நகையை மஞ்சள் தூளோடு ஒரு பாத்திரத்தில் இட்டு மூடி, அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்படி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் மஞ்சள் தண்ணீர் மட்டுமே இருக்கும். இவ்வித்தையும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்ததுதான். இங்கு வருவதற்கு அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

வெளிநாட்டில் கணவரோ மகனோ உள்ள வீடுகளுக்கு வேறொரு தூதர் வருவார். “நான் கட்டாரிலிருந்து நேற்றுத்தான் வந்தேன், உங்கள் மகன் ஒரு பெட்டி தந்துவிட்டான், வாகனம் சந்தியிலே நிற்கிறது, கூலிக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்தால் இறக்கித் தருவேன்” என்பார். அல்லது, “உங்கள் வீட்டுக்காரர் விபத்திலே அகப்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே புறப்படுங்கள்” என்று பதறுவார். முன்னவர் பணத்தை நாடுகிறார். பின்னவர் வெறும் வீட்டை நாடுகிறார். இருவரும் நமக்கு யோசிக்க நேரம் தருவதில்லை. அவசரப்படுத்துவதே அவர்களுடைய தொழில்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ வேளை. இரண்டு பெண்கள் ஒரு வீட்டின் கடப்படியில் நின்று சலாம் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் உறவினரைப் பார்க்க வந்ததாகவும், லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்யத் தண்ணீரும் தொழுவதற்கு ஓர் இடமும் தந்தால் போதும் என்றும் கேட்டார்கள். இதை மறுக்கும் வீடு எங்கள் ஊரில் உண்டா? வீட்டுக்காரி அறையிலே தொழுகைப் பாயை விரித்துக் கொடுத்தாள். ஒருத்தி தொழுதாள். மற்றவள், “எனக்குத் தொழுகை இல்லை” என்று சொல்லி அடுப்படியில் அமர்ந்து, வீட்டுக்காரியின் தாய்வழி உறவுகளைப் பற்றி இதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தேநீர் குடித்துவிட்டுத் துஆச் செய்து இருவரும் சென்றனர். மகளின் கலியாணத்துக்காக ஒன்றொன்றாகச் சேர்த்து அலுமாரியில் வைத்திருந்த பதினொரு பவுண் நகை அவர்களோடு சென்றுவிட்டது என்பது மாலையில்தான் தெரிந்தது.

களவு போனதைவிட அதன் பின்னர் நடந்ததே என்னை இங்கே பேச வைக்கிறது. அந்தத் தாய் ஒன்பது நாள் யாருக்கும் சொல்லவில்லை. கணவர் சவூதியில் இருந்தார். அவரிடம் சொல்லப் பயம். மாமியிடம் சொன்னால் ஏச்சு. பொலிசுக்குச் சென்றால் ஊர் அறியும், “கண்டவர்களையும் உள்ளே விட்டாயா?” என்று ஊர் கேட்கும். மகள் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் திடீரென்று வகுப்புக்கு வராமல் நின்றதால், ஆசிரியை ஒருவர் வீடு தேடிச் சென்றார். அப்போதுதான் விடயம் வெளிவந்தது. அந்த ஒன்பது நாளுக்குள் அதே இரண்டு பெண்கள், அதே ஆஸ்பத்திரிக் கதையோடு, பக்கத்து ஊரிலே வேறொரு வீட்டிலும் தொழுதுவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் வீட்டில் வாய் திறந்திருந்தால் இரண்டாம் வீடு தப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. அவளுடைய வாயை மூடியது யார்? ஏமாற்றியவளைத் திட்டுவதற்கு முன் ஏமாந்தவளைத் திட்டும் நாம்தான். கணவன்மாரும் சகோதரர்மாரும் இதைச் சற்று யோசிக்கவேண்டும். வீட்டுப் பெண் தன் நகை போன கதையை எந்த அச்சமும் இன்றி அந்த நிமிடமே சொல்லக்கூடிய வீடு, பத்துப் பூட்டுப் போட்ட வீட்டைவிடப் பாதுகாப்பானது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவரையும் துரத்திவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். திருக்குறளிலே விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. கள்ளாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. வள்ளுவர் ஒன்றை மற்றதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. நம்முடைய மார்க்கமோ இதற்கு முறையொன்றையே வகுத்துத் தந்திருக்கிறது. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய சூறத்துன் நூரின் 27ஆம், 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டுக்குள் செல்லும் ஒழுக்கத்தைக் கூறுகின்றன. அனுமதி கேட்டு, வீட்டாருக்குச் சலாம் சொன்ன பின்னரே உள்ளே செல்ல வேண்டும். திரும்பிப் போகும்படி சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். அதுவே வந்தவருக்குத் தூய்மையானது என்பது அவற்றின் கருத்து. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவது நபிவழி. இங்கே கடமை யார்மீது சுமத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வந்தவர்மீது! வீட்டுக்காரி, “இப்போது வசதியில்லை” என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட உரிமை. அதைக் கேட்டு முகம் சுழிப்பவர்தாம் ஒழுக்கம் தவறியவர்.

ஆகவே கடப்படியிலேயே பேசிக்கொள்ளலாம். தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடுங்கள். கேற்றைப் பூட்டியபடியே கிண்ணத்தை நீட்டலாம். அவர் தாகம் தீரும். உங்கள் நன்மையும் குறையாது. தொழ இடம் கேட்கும் பெண்ணுக்கு, பெண்கள் தொழும் இடமுள்ள பள்ளிவாசலைக் காட்டலாம். அல்லது பக்கத்து வீட்டுத் தங்கையை அழைத்து இருவராக இருந்துகொண்டு இடம் கொடுக்கலாம். அலுவலகத்தின் பெயரைச் சொல்லி வருபவரிடம், “தம்பி, சற்று வெளியே நில்லுங்கள்; கேட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுங்கள். உண்மையான உத்தியோகத்தர் நிற்பார். அடையாள அட்டையைக் காட்டுவார். மாலையில் ஆண்கள் இருக்கும்போது வரும்படி சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார். அரசாங்க ஊழியனாக முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காத்திருப்பது எங்களுக்கு நன்கு பழகிய வேலை. காத்திருக்க முடியாதவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

யாரிடம் கேட்பது? வந்தவர் கொடுக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் அவருடைய கூட்டாளிதான் பேசுவார். மின்பட்டியலிலும் தண்ணீர்ப் பட்டியலிலும் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு எடுங்கள். கணக்கெடுப்பு, நிவாரணம் போன்றவற்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தம் பிரிவில் நடக்கும் அரசாங்க வேலை அவருக்குத் தெரியாமல் இராது. அவருடைய இலக்கத்தை இன்றே பெரிய எழுத்தில் எழுதித் தலைவாசற் சுவரிலே ஒட்டிவிடுங்கள். வீட்டு மூத்தம்மாவுக்குக் கண்ணாடியின்றியும் தெரிய வேண்டும்.

தருமம் சேகரிக்க வருபவர் விடயம் சங்கடமானது. நோன்பு காலத்திலே பள்ளிவாசல் கட்டிடத்துக்கு, மத்ரசாவுக்கு, நோயாளிக்கு என்று கடிதங்களோடு வருவார்கள். கடிதமும் முத்திரையும் இந்நாளில் கணினிக் கடையிலே செய்யக்கூடியவை. பெருந்தொகையை ஊர்ப் பள்ளிவாசல் மூலமாகக் கொடுங்கள். கடப்படியில் நிற்கும் ஏழைக்கு அன்றைய சில்லறையோ அரிசியோ கொடுப்பதற்கு எந்தக் கடிதமும் பார்க்க வேண்டியதில்லை. அவர் பொய் சொல்லியிருந்தாலும் நட்டம் ஒரு சுண்டு அரிசிதான். பணம் எடுக்க அலுமாரிக்குப் போகும்போது கதவைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள், அவ்வளவே. எந்த அறையிலிருந்து பணத்தோடு வருகிறீர்கள் என்பதைக் கவனிப்பதற்காகவே சிலர் தருமம் கேட்பதுண்டு.

இங்கிலாந்தில் தனியே வாழும் முதியோரைக் குறிவைத்து, தண்ணீர்க் கம்பனியிலிருந்து வருவதாகச் சொல்லி நுழையும் கள்வர் தொல்லை நெடுங்காலமாக உண்டு. அங்கே தண்ணீர், மின்சாரக் கம்பனிகள் ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. முதியவர் தமக்கு விருப்பமான ஒரு சொல்லை முன்கூட்டியே கம்பனியில் பதிந்துவைக்கலாம். வீட்டுக்கு வரும் ஊழியர் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்கும். நமக்குக் கம்பனி தேவையில்லை, குடும்பம் போதும். வெளிநாட்டுக்குப் போகும் மகனோடு ஒரு சொல்லைப் பேசிவைத்துக் கொள்ளுங்கள். அவன் சிறுவயதில் வளர்த்த ஆட்டுக்குட்டியின் பெயராகவும் இருக்கலாம். “மகன் அனுப்பினான்” என்று வருபவரிடம் அதைக் கேளுங்கள். இதே சொல் தொலைபேசிக்கும் உதவும். தொலைபேசியும் இன்று ஒரு கடப்படிதான். பரிசு விழுந்ததாகச் சொல்லிக் குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவனும் வாசலில் நிற்கும் அதே ஆள்தான். வங்கி அந்த இலக்கத்தை ஒருபோதும் கேட்பதில்லை.

பின்கதவை மறந்துவிடாதீர்கள். முன்வாசலுக்கு யாரேனும் வந்தால் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்ட பின்னரே முன்னே செல்வது என்று பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டால், இருவராக வருபவரின் பாதி வேலை கெட்டுவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் ஊருக்குத் தீங்கு செய்தவனாவேன். 2011 ஆகஸ்ட் மாதத்தை மறந்திருக்கமாட்டீர்கள். கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் ஒரு பீதி நாட்டின் பல பாகங்களிலும் பரவியது. கிழக்கிலே பொத்துவில் உட்படப் பல ஊர்களில் மக்கள் பொல்லும் கத்தியுமாக இரவெல்லாம் விழித்திருந்தனர். பாதுகாப்புப் படையினரோடு மோதல்களும் மூண்டன. புத்தளத்திலே ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். சந்தேகத்தின் பேரில் ஒன்றும் அறியாத மனிதரும் தாக்கப்பட்டார்கள். பயம் நியாயமாக இருக்கலாம். ஆனால் கூட்டத்தின் கைக்குப் போன பயத்துக்குக் கண் தெரிவதில்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய ஒருவரைக் கண்டால் அடிக்காதீர்கள். படம் பிடித்து முகநூலிலே போட்டுக் கள்ளன் என்று பட்டமும் சூட்டாதீர்கள். வயிற்றுப் பிழைப்புக்காக மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் சாமான் விற்க வரும் எத்தனையோ ஏழைகள் நம் ஒழுங்கைகளில் நடக்கிறார்கள். அவர்களுடைய மொழியோ மதமோ அவர்களைக் கள்ளராக்கிவிடாது. நான் முன்னே கூறிய இரு பெண்களும் நம்மைப் போலவே பேசி, நம்மைப் போலவே உடுத்து, நம்மைப் போலவே சலாம் சொன்னவர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குச் சிறுவர்களைப் போன்ற கெட்டிக்காரர் இல்லை. நிறம், ஆள் அடையாளம், சென்ற திசை யாவற்றையும் சொல்லிவிடுவார்கள். 119 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் பொலிசாரின் அவசரப் பிரிவு கிடைக்கும். களவு போயிருந்தால் அலுமாரியைத் துடைக்காமல், தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் அப்படியே விடுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போவதற்குப் பெண்கள் தயங்குவது எனக்குத் தெரியும். அங்கே பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்திருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிற் சொல்லுங்கள்; எழுதப்பட்டதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னர் ஒப்பமிடுங்கள். பிறர்போல் வேடமிட்டு ஏமாற்றுவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றமாகக் கூறப்பட்டிருக்கிறது. எனவே, “நீங்கள்தானே உள்ளே விட்டீர்கள்” என்று யாராவது சொன்னால், குற்றம் அதனால் குறைந்துவிடுவதில்லை. நகையின் பற்றுச்சீட்டும் படமும் இருந்தால் பொலிசாருக்கு வேலை எளிது. கலியாண வீட்டிலே எத்தனையோ படம் எடுக்கிறோம். நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி ஒரு படம் எடுத்து வைப்பது கடினமா? பள்ளிவாசல் நிருவாகத்தினரும் உதவலாம். மையித்து அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கியிலே, இன்ன விதமாகச் சொல்லிக்கொண்டு இருவர் வருகிறார்கள், கவனமாக இருங்கள் என்று ஒரு நிமிடம் சொன்னால், பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லாமலே ஊர் முழுவதும் விழித்துக்கொள்ளும்.

கடைசியாக, மதில் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்தா வளவுக்கும் தங்கை வளவுக்கும் இடையே மதில் எழுப்பும்போது, பழைய கிடுகு வேலியிலே இருந்த கடப்பின் இடத்தில், இரண்டடி அகலத்தில் ஒரு சிறு கதவு வைக்கும்படி மேசனிடம் சொல்லுங்கள். பூட்டு இருபக்கமும் இருக்கலாம். பகலிலே பூட்டாமல் விடுங்கள். மேசனுக்கு அது அரை நாள் வேலை.